கான்கிரீட் வாகனப் பாதை: கம்பிக்கும் சிமெண்டுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியவை

தெருவோரத்திலிருந்து கார் நிறுத்துமிடம் வரை 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட கான்கிரீட் தளம் போட இருப்பதாகவும், எவ்வளவு கனம் வேண்டும், என்ன கம்பி கட்ட வேண்டும், விரிசல் விடாமல் இருக்கச் சிமெண்டைக் கூட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் மட்டும் வந்துபோகும் பாதைக்கு 100 மி.மீ., அதாவது 4 அங்குலம் போதும். சரக்கு வண்டி எப்போதாவது ஏறும் என்றால் 125 முதல் 150 மி.மீ. வரை போடுங்கள். கம்பி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் மற்ற வேலைகள் ஒழுங்காக நடந்திருந்தால் தளம் நிற்கும். சிமெண்டைக் கூட்டுவதால் விரிசல் குறையாது, பெரும்பாலும் கூடும்.

கடைசியாகச் சொன்னதை ஏற்பது பலருக்குச் சிரமமாக இருக்கும். கான்கிரீட் காயும்போது சுருங்குகிறது. மீட்டருக்கு ஏறத்தாழ அரை மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் தளம் 5 மி.மீ. அளவுக்குக் குறுக முயலும். அடியில் இருக்கும் தரை அதை நகர விடாமல் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுவிசையைத் தாங்கும் என்பதால், இந்த இழுபறியில் அது எங்காவது பிளந்தே தீரும். சுருங்குவது ஜல்லியோ மணலோ அன்று. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்த பசைதான் சுருங்குகிறது. சிமெண்டைக் கூட்டினால் பசை கூடுகிறது, பசை கூடினால் சுருக்கமும் கூடுகிறது. ஆகவே விரிசலே வராத தளத்தைப் போட முயல்வதை விட, விரிசல் நாம் சொல்லும் இடத்தில் வருமாறு செய்வதே கைகூடும் காரியம். மண்ணைக் கெட்டிப்படுத்துவதும், தண்ணீரைக் கட்டுப்படுத்துவதும், உரிய இடத்தில் உரிய நேரத்தில் வெட்டு போடுவதும்தான் இந்த வேலையின் உயிர்நாடி. கம்பியும் கனமும் அவற்றுக்குப் பிறகுதான்.

அளவு குறிப்பதில் தொடங்குவோம். கார் கடந்து செல்ல 3 மீட்டர் அகலம் தாராளம். ஆனால் இருபுறமும் சுவர் இருந்து, கதவைத் திறந்து இறங்க வேண்டிய இடமாகவும் அது இருந்தால், அந்தப் பகுதியை மட்டுமாவது 3.6 மீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், தரை உள்நோக்கி ஏறும் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் பாதையில், 1.5 மீட்டர் நீளக் கதவு முழுமையாகத் திறக்க அதன் அடியில் 150 மி.மீ. இடைவெளி வேண்டும். தளம் போட்டு முடித்த பிறகு கதவு தரையில் இடிப்பதைக் கண்டு கதவை அறுக்கும் நிலை பல வீடுகளில் வருவதற்குக் காரணம், கான்கிரீட் கனத்தையும் அதற்கு அடியில் போடும் ஜல்லியின் கனத்தையும் சேர்த்து முடிவு மட்டத்தை முன்கூட்டியே யாரும் குறித்துப் பார்க்காததுதான். ஏற்றம் 8 மீட்டருக்கு 1 மீட்டர் அளவுக்குச் செங்குத்தாக இருந்தால், மேலும் கீழும் இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்குப் பாதி ஏற்றமாகக் கொடுத்து இணையுங்கள். இல்லாவிட்டால் காரின் முன்பகுதியோ அடிப்பகுதியோ உரசும்.

மட்டம் குறிக்கும்போதே வாட்டமும் முடிவாகிவிட வேண்டும். மீட்டருக்கு 20 மி.மீ., அதாவது 50-க்கு 1 என்ற வாட்டம் வாகனப் பாதைக்கு ஏற்றது. 100-க்கு 1 என்பது கடைசி எல்லை. அதற்கும் குறைந்தால், கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஆங்காங்கே தண்ணீர் தேங்கும். வாட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும் வீட்டுச் சுவரை நோக்கி இருக்கக் கூடாது. தெரு உயரமாகவும் வீடு தாழ்வாகவும் இருந்து வேறு வழியே இல்லை என்றால், கார் நிறுத்துமிடத்துக்கு முன்னால் பாதையின் முழு அகலத்துக்கும் கம்பித் தட்டு மூடிய குறுக்குக் கால்வாய் ஒன்று கட்டி, அதன் நீரை வெளியே கொண்டுபோக வழி செய்துவிட்டுத்தான் மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டும். சுவரை ஒட்டி வரும் தளத்தின் மேல்மட்டம், சுவரின் ஈரத்தடுப்புப் படலத்துக்கு 150 மி.மீ. கீழே நிற்பது முறை. மழை நீர் முழுவதும் வெளியே ஓடுவதை விரும்பாதவர்கள், சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் முக்கால் மீட்டர் அகலப் பட்டைகளாக இரண்டு வரிசை போட்டு, நடுவில் சரளையோ புல்லோ விடலாம். நேரான, குறுகிய பாதைக்கு அது மிக நல்ல ஏற்பாடு. வளைவு இருந்தால் சரிப்படாது.

இனி மண். கான்கிரீட் தளம் காரின் எடையைத் தானே தாங்குவதில்லை. அதைப் பரப்பி மண்ணிடம் கொடுக்கிறது. மண் எங்கும் ஒரே சீராகத் தாங்கினால் 100 மி.மீ. தளம் பல்லாண்டு உழைக்கும். ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் இளகியும் இருந்தால் 200 மி.மீ. போட்டாலும் முறியும். எனவே வேர், இலை மட்கு, கட்டட இடிபாடு, மென்மையான மேல்மண் எல்லாவற்றையும் அகற்றிக் கெட்டியான மண் தெரியும் வரை தோண்டுங்கள். குழி வெட்டிப் பின்னர் மூடிய இடங்களை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தோண்டிய பள்ளங்களை மண்ணை அள்ளிப் போட்டு மூடியிருப்பார்கள். ஓரிரு மழைக்குப் பிறகு அந்த மண் அமுங்கும். அதன் மேல் இருக்கும் தளம் பாலம்போல் தொங்கி நின்று, சக்கரம் ஏறும்போது முறியும். வீட்டின் அடித்தளத்தை ஒட்டிய பகுதியிலும் இதே கதைதான். அத்தகைய இடங்களை மீண்டும் தோண்டி, 150 மி.மீ. மிகாத அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இடித்து இறுக்க வேண்டும். ஒரே முறையில் அரை மீட்டர் நிரப்பிவிட்டு மேலே இயந்திரத்தை ஓட்டினால் மேல் அடுக்கு மட்டுமே இறுகும்.

இறுக்குவதற்கு மண்ணில் அளவான ஈரம் வேண்டும். கைப்பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் நீர் கசியக் கூடாது. காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் இறுகாது. சேறான மண் இயந்திரத்துக்கு அடியில் ரப்பரைப் போல அசையும். இடித்து முடித்த தரை மேல் கனமான வண்டி ஒன்றை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தடம் பதியும் இடம் எதுவோ அதுதான் பிற்காலத்தில் தளம் முறியப்போகும் இடம். கரிசல்போல ஈரத்தில் வீங்கிக் காய்ந்தால் சுருங்கும் களிமண்ணாக இருந்தால், இயன்ற ஆழத்துக்கு எடுத்துவிட்டு வீங்காத கிராவல் மண்ணைக் கொட்டி இறுக்குவது நல்லது. அங்கே வெறும் மணலை நிரப்பாதீர்கள். மணல் நீரை எளிதில் உள்ளே விடும், அந்த நீர் அடியிலுள்ள களிமண்ணில் தேங்கி வீக்கத்தை அதிகப்படுத்தும்.

இறுக்கிய மண்ணுக்கு மேல் 100 முதல் 150 மி.மீ. வரை, பொடியும் சேர்ந்த உடைகல் ஜல்லியைப் பரப்பி இடித்து மட்டம் செய்யுங்கள். இந்த அடுக்கு நீரை வெளியேற்றும், மண்ணின் சிறு ஏற்றத்தாழ்வுகளைச் சமன் செய்யும், கான்கிரீட் கனம் எங்கும் ஒரே அளவாக இருக்க உதவும். இதன் வாட்டமும் மேல்தளத்தின் வாட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்கம்பி, தோட்டத்துக்கான தண்ணீர், வெளிக்கதவு மோட்டார், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுக்கு எப்போதாவது குழாய் தேவைப்படலாம் என்று தோன்றினால், இப்போதே பாதையின் குறுக்கே இரண்டு வெறும் பிவிசி குழாய்களைப் புதைத்து இரு முனைகளையும் மூடி வைத்துவிடுங்கள். பெரிய மரம் பக்கத்தில் இருந்தால் பாதையைச் சற்று விலக்கிக்கொள்வதே மேல். வேரை வெட்டினால் மரமும் பலமிழக்கும், விட்டுவைத்தால் வேர் தடிக்கும்போது தளமும் தூக்கப்படும்.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. வளையாமல் தாங்கும் தளத்தின் திறன் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 100 மி.மீ. கனத்தை 125 ஆக்கினால் கான்கிரீட் 25 சதவீதம்தான் கூடுதலாகச் செலவாகும், ஆனால் தாங்குதிறன் 50 சதவீதத்துக்கும் மேல் உயரும். கையில் இருக்கும் பணத்தில் கம்பியா, கூடுதல் ஓர் அங்குலமா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நான் கனத்தையே தேர்ந்தெடுப்பேன். உங்கள் அளவுக்கு 125 மி.மீ. என்றால் 3.75 கன மீட்டர். சேதாரத்துக்கும் தரையின் மேடுபள்ளத்துக்கும் 10 சதவீதம் சேர்த்து 4.1 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவைத் தொடும் விளிம்பில் சக்கரம் குதித்து ஏறும் என்பதால், அங்கே அரை மீட்டர் தூரத்துக்கு மட்டும் கனத்தை 50 மி.மீ. கூட்டிக்கொள்வது நல்ல பழக்கம்.

கம்பி விரிசலைத் தடுப்பதில்லை. வந்த விரிசல் அகலாமலும், இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்காமலும் பிடித்து வைப்பதே அதன் வேலை. அந்த வேலையைச் செய்ய அது தளத்தின் மேல்பாதியில், மேற்பரப்பிலிருந்து 40 முதல் 50 மி.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். 8 மி.மீ. கம்பியை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் 200 மி.மீ. இடைவெளியில் கட்டினாலோ, பற்றவைத்த வலையை விரித்தாலோ போதுமானது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், கம்பியைத் தரையில் விரித்துவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுவோம் என்பார்கள். தூக்கிய கம்பி அடுத்த ஆள் மிதித்ததும் மீண்டும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படிக் கிடக்கும் கம்பிக்குக் கொடுத்த பணம் வீண். உரிய உயரத்தில் கவர் பிளாக்கோ (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டி) கம்பி நாற்காலியோ வைத்து, மிதித்தாலும் இறங்காதபடி நெருக்கமாகத் தாங்கல் கொடுத்தால் மட்டுமே கம்பி கட்டுங்கள். பாலிபுரோப்பிலின் இழையைக் கலவையில் சேர்ப்பது முதல் சில மணி நேரத்தில் தோன்றும் நுண்விரிசலைக் குறைக்கும். ஆனால் கம்பிக்கு அது மாற்று ஆகாது.

கலவையின் தரம், 28 நாளில் 25 மெகாபாஸ்கல் (அழுத்த வலிமையின் அலகு) தாங்குவதாக இருந்தால் சாதாரண வீட்டுப் பாதைக்குப் போதும். பனி உறைந்து உருகும் இடங்களில் மட்டும் இன்னும் உயர்ந்த தரமும், நுண்காற்றுக் குமிழ் சேர்த்த கலவையும் கட்டாயம். தரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சிமெண்ட் குறைவன்று, தண்ணீர் மிகுதி. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் நீரும் இந்த 25-க்குள் அடக்கம். ஆலையில் கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டியில் ஒரு கன மீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீர் கூடுதலாக ஊற்றினால், கலவை சற்று இளகுமே தவிர, வலிமை ஏறத்தாழ ஒன்றரை மெகாபாஸ்கல் குறையும், சுருக்கமும் கூடும். தள்ளுவதற்குச் சிரமமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் விடுங்கள் என்று வேலையாள் கேட்பது இயல்பு. அதற்கு இசையாமல், ஆர்டர் கொடுக்கும்போதே கலவையை இளக்கும் வேதிப்பொருள் சேர்த்து 75 முதல் 100 மி.மீ. ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) வருமாறு கேட்டுவிடுங்கள். இடத்திலேயே கலப்பதாக இருந்தால், சட்டியால் தோராயமாக அள்ளாமல் அளவுப் பெட்டி வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஈர மணல் உப்பி நிற்பதால், கன அளவில் மணல் குறைவாகப் போய்க் கலவை மாறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நிறைத்து வரும் ரெடிமிக்ஸ் லாரியின் எடை 25 டன்னைத் தொடலாம். கழிவுநீர்த் தொட்டியின் மூடி மீதோ, நீங்கள் பாடுபட்டு இறுக்கிய ஜல்லி மீதோ அதை ஏற விடாதீர்கள்.

பக்கப் பலகைகளை முளைக்குச்சி அடித்து, நூல் பிடித்து, டியூப் லெவலால் மட்டம் பார்த்து நிறுத்திய பிறகு ஜல்லிப் படுகையை நனைத்து வையுங்கள். குட்டையாகத் தேங்கக் கூடாது. வெயில் ஏறுவதற்கு முன் விடியலிலேயே கொட்டத் தொடங்குவது நல்லது. தண்ணீர் சேர்த்ததிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்கும் அளவுக்கு ஆள் இருக்க வேண்டும். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும் காரத்தன்மை உடையது; ரப்பர் காலணியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அதில் இறக்காதீர்கள்.

மட்டப்பலகையால் இழுத்து, மணியாஸ் கட்டையால் ஒருமுறை தேய்த்ததும் மேலே நீர் கசிந்து பளபளக்கும். இங்கேதான் பொறுமை வேண்டும். அந்த நீர் தானாக ஆவியாகும் வரை யாரும் மேற்பரப்பைத் தொடக் கூடாது. நீர் நிற்கும்போதே தேய்த்தாலும், அதை உறிஞ்சட்டும் என்று காய்ந்த சிமெண்டைத் தூவினாலும், தேய்க்க எளிதாகத் தண்ணீர் தெளித்தாலும், மேலே ஒரு மெல்லிய பலவீனமான தோல் உருவாகும். ஓர் ஆண்டுக்குள் அது மாவாக உதிரும் அல்லது செதில் செதிலாகப் பெயரும். பளபளப்பு மறைந்ததும், வண்டி ஓடும் திசைக்குக் குறுக்காகத் துடைப்பத்தை இழுத்துக் கோடு போட்டால் போதும். கரணையால் கண்ணாடிபோல் வழவழப்பாக்கினால் முதல் மழையிலேயே வண்டியும் ஆளும் வழுக்க நேரிடும்.

வெட்டுக்கு வருவோம். சுருங்கும்போது விரிசல் ஓட வேண்டிய இடத்தில் போடும் சுருக்க வெட்டுகளின் இடைவெளி, தளக் கனத்தின் 24 முதல் 30 மடங்கைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்டச் சதுரமாக, நீளம் அகலத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். உங்கள் பாதையை 2.5 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே மூன்று வெட்டுகள் போட்டு நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம். வெட்டின் ஆழம் கனத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது 125 மி.மீ. தளத்துக்கு 32 மி.மீ. ஆழம் குறைந்தால் விரிசல் வெட்டை மதிக்காமல் பக்கத்தில் ஓடும். கட்டர் மெஷினால் அறுப்பதாக இருந்தால், ஜல்லி பெயராத அளவுக்கு இறுகியதும், பொதுவாக 6 முதல் 18 மணி நேரத்துக்குள் அறுத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். மெஷின்காரர் மூன்று நாள் கழித்து வருகிறேன் என்றால் அதற்குள் தளம் தானே விரிசல் விட்டிருக்கும். அப்படியானால் ஈரக் கான்கிரீட்டிலேயே தகட்டுக் கரணையால் பள்ளம் இழுத்துவிடுவது உத்தமம். வெட்டு வரும் இடத்தில் கம்பிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை முன்பே துண்டித்து வைத்தால்தான் தளம் அங்கே எளிதாகப் பிரியும்.

இது தவிர, வீட்டுச் சுவர், தூண், வெளிக்கதவுத் தூண், பாதாளச் சாக்கடை மூடி என நகராத பொருள் எதைத் தளம் தொட்டாலும், முழுக் கனத்துக்கும் 12 மி.மீ. தெர்மோகோலோ தார் அட்டையோ வைத்துப் பிரிக்க வேண்டும். தூணைச் சுற்றிப் பிரிக்கும் கட்டத்தை, அதன் மூலைகள் வெட்டுகளை நோக்கி இருக்குமாறு திருப்பி வையுங்கள். உள்நோக்கிய மூலை எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும்.

நீராற்றுதல், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது, குறைந்தது 7 நாள். அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பு உலைக் கசடோ கலந்த சிமெண்ட் என்றால் 10 நாள் அல்லது அதற்கும் மேல். மாடித் தளத்துக்குச் செய்வதுபோல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது வாட்டமான பாதையில் சரியாக நடக்காது; மேட்டுப் பக்கம் காய்ந்தே கிடக்கும். நனைத்த சாக்கை நெருக்கமாக விரித்து, அதன் மேல் பாலிதீன் தாளைப் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்து, நாளுக்கு இருமுறை சாக்கின் ஈரத்தைப் பார்த்து நனைப்பதே நம்பகமான முறை. காலையில் ஒருமுறை குழாயால் அடித்துவிட்டு மாலை வரை காய விடுவது, நனைவதும் காய்வதுமாக மேற்பரப்பை அலைக்கழித்து நுண்விரிசலைத்தான் வளர்க்கும். ஒரு நாள் கழித்து நடக்கலாம். சாதாரணச் சிமெண்டில் 7 நாளில் மொத்த வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும் என்பதால், அதன் பிறகு காரை ஏற்றலாம். சரக்கு வண்டிக்கு 28 நாள் காத்திருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு விரிசல் வெட்டுக்கு வெளியே வந்துவிட்டால் அதன் தன்மையைப் பாருங்கள். தலைமுடி அளவில், இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் விட்டுவிடலாம். சற்று அகன்று, மட்டம் மாறாமல் இருந்தால், காய்ந்த பருவத்தில் தூசியை ஊதிவிட்டுப் பாலியூரித்தேன் போன்ற நெகிழும் அடைப்பானால் அடையுங்கள். சிமெண்ட் பாலை ஊற்றினால் அடுத்த வெயிலிலேயே மீண்டும் பிளக்கும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் மேலே நின்றால் கோளாறு கான்கிரீட்டில் இல்லை, அடிமண்ணில் இருக்கிறது. அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டோடு வெட்டாகப் பெயர்த்து, நீர் எங்கிருந்து உள்ளே போகிறது என்று கண்டு நிறுத்தி, மண்ணை மறுபடி இறுக்கிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும்.